கழற்றி வைக்க முடியாத ஆயுதம்

புதிய சாகசக் கதை ஒன்றைத் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் என்னிடம் கேட்பவற்றில் வாளுக்கும் மந்திரத்துக்கும் அடுத்தபடி வருவது உடம்பு. பூனை முகமும் வளைந்த நகமும் கொண்ட ஒரு பெண். முதலைத் தாடையுள்ள ஒரு காவல் வீரன். கடாக்கொம்போடு ஒரு துறவி. இவர்கள் இரண்டு காலில் நடப்பவர்கள், பேசுபவர்கள், உடை உடுத்துபவர்கள். ஆனால் சண்டை வந்தால் உடம்பாலேயே அடிப்பார்கள். நகத்தால் கீறுவது, பல்லால் கடிப்பது, கொம்பால் முட்டுவது, வாலால் வீசுவது எல்லாவற்றையும் எங்கள் ஆட்டத்தில் இயற்கைத் தாக்குதல் என்று சொல்வோம். இவற்றுக்கு விதி எழுதுவதும், அந்த விதியை மேஜையில் வைத்து ஆடவைப்பதும் என் நெடுநாள் வேலை. இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை மேஜை ஆட்டங்களுக்கு ஆதி. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர். கேம் மாஸ்டராக இருப்பவர் உலகத்தைச் சொல்லுவார். ஆட்டக்காரர்கள் அந்த உலகத்தில் தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று சொல்லுவார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். இருபதுமுகப் பகடை அடி பட்டதா என்று சொல்லும்; நாலுமுகம், ஆறுமுகம், எட்டுமுகம் என மற்றப் பகடைகள் எவ்வளவு டேமேஜ் என்று சொல்லும்.

நகமும் பல்லும் இந்த ஆட்டத்துக்குள் அரக்கர்களின் சொத்தாகத்தான் வந்தன. 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவலைப் புரட்டினால் சிங்கம், கரடி, ஆந்தையும் கரடியும் கலந்த அவுல்பேர், ட்ரோல் எல்லாவற்றுக்கும் ரவுண்டுக்கு மூன்று தாக்குதல் என்றிருக்கும்: இரண்டு கைக்கு இரண்டு, வாய்க்கு ஒன்று. அரக்கனுக்கு அது சரியான கணக்கு. அவன் கதைக்குள் வருவது ஒரே சண்டைக்கு. நாலு ரவுண்டு பயமுறுத்திவிட்டுச் சாக வேண்டியவன். ஆட்டக்காரரின் கேரக்டர் அப்படி அல்ல. அது மாதக்கணக்கில், சில மேஜைகளில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே சண்டைக்காக எழுதிய எண்ணை நூறு சண்டை காணப்போகிறவருக்குக் கொடுக்கும்போது அந்த எண்ணின் பொருளே மாறிவிடுகிறது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அரக்கர்களையும் வீரர்களையும் ஒரே விதிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதுவரை மூடியிருந்த கதவு அப்போது திறந்தது. 2003-இல் வந்த சாவேஜ் ஸ்பீஷீஸ் என்ற புத்தகம், அரக்க இனத்தையே கேரக்டராக ஆடுவது எப்படி என்று முழுக்கமுழுக்கப் பேசியது. அந்த மரபிலிருந்து 2009-இல் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் பிறந்தது. நான் ஊன்றிப் படித்ததும் நடத்தியதும் அதைத்தான்.

அதில் முதல் லெவலுக்கு, அதாவது கேரக்டரின் வளர்ச்சியில் முதல் படிக்கு, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு வீரர்கள். இருவருக்கும் பலம் 18, அதனால் +4. ஒருவர் கையில் இருகைப் பெருவாள். டேமேஜ் இரண்டு ஆறுமுகப் பகடை. இரண்டு கையாலும் பிடிப்பதால் பலம் ஒன்றரை மடங்காகி 6 சேரும். சராசரி 13. இன்னொருவருக்கு இரண்டு நகமும் ஒரு கடியும். நகம் ஒவ்வொன்றும் நாலுமுகப் பகடையோடு 4, சராசரி 6.5. கடி ஆறுமுகப் பகடையோடு 4, சராசரி 7.5. மூன்றும் பட்டால் 20.5. எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15 என்று வைத்துக்கொண்டால் பலத்தோடு பயிற்சியும் சேர்ந்து இருவருக்குமே +5 இருக்கிறது. இருபதுமுகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 55 சதவீத வாய்ப்பு. ஆக ஒரு ரவுண்டுக்குச் சராசரியாக வாள்காரரிடமிருந்து 7.15, நகக்காரரிடமிருந்து 11.3.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. அந்த லெவலில் எதிரே வரும் குட்டி அரக்கனான கோப்ளினுக்கு, உயிரின் அளவான ஹிட் பாயின்ட் இருப்பதே 6. பெருவாளின் 13-இல் பாதிக்கு மேல் செத்த கோப்ளின்மேல் விழுந்து வீணாகிறது. நகக்காரரோ ஒரு அடியைப் பக்கத்தில் நிற்பவனுக்கும் இன்னொன்றை அடுத்தவனுக்கும் பிரித்துக் கொடுக்கிறார். வாளில் பயிற்சி பெற்ற ஒரு போர்வீரருக்கு இரண்டாவது தாக்குதல் கிடைப்பது ஆறாவது லெவலில். அதுவும் 5 குறைத்துத்தான். நகக்காரருக்கு முதல் நாளே மூன்று, மூன்றும் முழு எண்ணில்.

இதற்குப் பதில்கணக்கும் அந்த விதிக்குள்ளேயே உண்டு. மூன்றையும் போட வேண்டுமானால் நின்ற இடத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் நகரக் கூடாது. ஓடிப்போய் அடித்தால் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அடியிலும் 5 டேமேஜைத் தாங்கிக்கொள்ளும் தோலுள்ள எதிரி வந்தால் பெருவாளின் 13 எட்டாகிறது, நகத்தின் 6.5 வெறும் ஒன்றரையாகிறது. லெவல் ஏற ஏற வாள்காரருக்குத் தாக்குதல்கள் கூடும்; நகத்துக்கு அப்படிக் கூடாது. கையில் வாளும் வாயில் கடியுமாகச் சேர்த்து அடித்தால் கடிக்கு 5 குறையும், பலத்தில் பாதிதான் சேரும். மொத்தத்தில், தொடக்கத்தில் கொடிகட்டிப் பறக்கும் நகக்காரர் பின்னால் தளர்ந்துபோகிறார்.

எல்லா லெவலையும் சேர்த்துப் பார்த்தால் சமமாகிவிடும் என்று இந்தக் கணக்கை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். ஆட்டக்காரர்கள் சராசரியில் வாழ்வதில்லை. இன்றைய சாயங்காலத்தில் வாழ்கிறார்கள். தன் முறை வருவதற்குள் எதிரிகள் தீர்ந்துபோவதைப் பார்க்கும் வாள்காரருக்குப் பத்தாவது லெவலில் நியாயம் கிடைக்கும் என்று சொல்லி என்ன பயன்? அதே வாதம் பத்தாவது லெவலில் நகக்காரருக்கும் ஆறுதல் தராது. மேஜையில் சோர்ந்த முகத்தைக் கேம் மாஸ்டர் பார்த்தே தீர வேண்டும்.

பாத்ஃபைண்டரில் இன்னொரு சிக்கல், தாக்குதல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. இனத்திலிருந்து ஒரு கடி, பார்பேரியன் என்ற மூர்க்க வீரரின் வெறியிலிருந்து இரண்டு நகம், தலைக்கவசத்திலிருந்து ஒரு முட்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதல்ல. சேர்ந்தால் ஒரே ஆள் ரவுண்டுக்கு நாலு முறை அடிக்கிறார். பாத்ஃபைண்டரை எழுதியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 2010-இல் சம்மனர் என்ற கேரக்டர் வகையை வெளியிட்டபோது, அவர் அழைக்கும் எய்டலான் என்ற உயிரினத்துக்கு அவர்களே உச்சவரம்பு போட்டார்கள்: முதல் லெவலில் அதிகபட்சம் 3 இயற்கைத் தாக்குதல், நாலாவதில் 4, ஒன்பதாவதில் 5. எத்தனை கை, எத்தனை வால் முளைத்தாலும் எண்ணிக்கை அதைத் தாண்டாது. அந்தச் சின்ன அட்டவணையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: இயற்கைத் தாக்குதலை எழுதும்போது பகடையின் முகங்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். நாலுமுகத்தை ஆறுமுகமாக்கினால் சராசரி ஒன்றுதான் கூடும். ஒரு தாக்குதலைக் கூட்டினால் பலமும் சேர்ந்து இன்னொரு முறை எண்ணப்படும்.

*

2014-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு எதிர்த்திசையில் போனது. 2016-இல் வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ் புத்தகத்தில் வந்த தபாக்ஸி என்ற பூனை மனிதர்களின் நகம் நாலுமுகப் பகடை. லிசார்ட்ஃபோக் என்ற பல்லி மனிதர்களின் கடி ஆறுமுகப் பகடை. கூடுதல் தாக்குதல் எதுவும் இல்லை. வெறுங்கைக் குத்துக்குப் பதில், அவ்வளவுதான். ஒருகை வாளே எட்டுமுகப் பகடை போடும்போது நகத்தை யார் எடுப்பார்? பூனைப் பெண்ணின் படத்தில் நகம் பளபளக்கும். ஆட்டத்தில் அவள் வாழ்நாள் முழுக்க வாளைத்தான் வீசுவாள். யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. ஆனால் பூனையாக வேண்டும் என்று வந்த ஆட்டக்காரிக்குப் பூனை கிடைக்கவும் இல்லை.

அதே புத்தகத்தில் பல்லி மனிதர்களுக்குக் கொடுத்த இன்னொரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். ஓய்வுக்கு ஒரு முறை, தன் வழக்கமான செயலுக்கு மேலாக ஒரு கடி கடிக்கலாம். கடி பட்டால் உடம்பின் திடத்துக்கேற்பத் தற்காலிக ஹிட் பாயின்ட் கிடைக்கும். எதிரியைத் தின்று தெம்பு பெறுகிற உடம்பு! இதை எந்த வாளாலும் செய்ய முடியாது. 2020-இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் கொடுத்த மிருக வழிப் பார்பேரியன் இதை இன்னும் அழகாகச் செய்தது. வெறி வரும்போது கடி, நகம், வால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பாதி உயிர்கூட இல்லாத நேரத்தில் கடித்தால் கொஞ்சம் மீளும். நகம் ஒரு கூடுதல் கீறல் தரும். வால், வரும் அடியைத் தட்டிவிட உதவும். மூன்று உறுப்புக்கும் மூன்று வெவ்வேறு வேலை.

2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு எண்ணிக்கைச் சிக்கலை வேரிலேயே தீர்த்தது. எல்லோருக்கும் முறைக்கு மூன்று செயல். எந்த அடியும் ஒரு செயல். இரண்டாவது அடிக்கு 5 குறையும், மூன்றாவதற்கு 10. வாளும் அப்படித்தான், கடியும் அப்படித்தான். நகம் போன்ற விரைந்த தாக்குதலுக்கு மட்டும் அந்தக் குறைப்பு 4, 8 என்று இளகும். பத்து நகம் இருந்தாலும் தாக்குதலின் எண்ணிக்கை ஏறாது. நகத்தின் வேகம் மட்டும் விதியில் தெரியும். இயற்கைத் தாக்குதலை நியாயமாக எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

*

நியாயம் வந்துவிட்டது. உயிர் வர வேண்டும். அதற்கு நான் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு விலங்குகளைப் பார்க்கப் போனேன்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் தேன்கரடியின் முன்னங்கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? விரல் நீளத்துக்கு வளைந்த நகங்கள். பூனையைப் போல அவற்றை அது உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. எப்போதும் வெளியேதான். அந்த நகம் கரையான் புற்றைப் பிளப்பதற்காக வந்தது. மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு இல்லாததும், மூக்குத்துளையை மூடிக்கொள்ள முடிவதும் கரையானை உறிஞ்சுவதற்காக. திடுக்கிட்டால் பின்காலில் எழுந்து, புற்றைப் பிளக்கும் அதே நகத்தால் மனிதரின் முகத்தைத் தாக்கும். கரடிக்கு நகம் முதலில் கருவி, பிறகு ஆயுதம். சாப்பாட்டுக்கு வந்த உறுப்பு சண்டைக்கும் உதவுகிறது.

அதன் பிறகு எந்த இனத்தை எழுதினாலும் என் முதல் கேள்வி, இந்த உறுப்பு சண்டை இல்லாத நாளில் என்ன செய்கிறது என்பதுதான். மரம் ஏறவா, கிழங்கு தோண்டவா, மீன் பிடிக்கவா? அதற்கு முதலில் ஒரு சலுகை எழுதுவேன். டேமேஜ் பிறகு.

இரண்டாவது கேள்வி உடம்பின் அமைப்பு. மனித முகம் தட்டை. கடிக்க வேண்டுமானால் எதிரியின் கத்தி எட்டும் தூரத்துக்குள் தன் கழுத்தைக் கொண்டுபோக வேண்டும். கடிக்கும் இனத்துக்குத் தாடை முன்னே நீள வேண்டும். கழுத்து தடிக்க வேண்டும். ஆகவே என் மேஜையில் எதிரியைப் பிடித்துக்கொண்டு கடித்தால் கடி பலமானது; எட்டி நின்று கடித்தால் பலவீனமானது. கொம்பு ஓட்டத்தோடு வந்தால்தான் முட்டு; நின்ற இடத்தில் அது வெறும் தள்ளு. குளம்பால் உதைக்கிறவர் ஒரு காலில் நிற்கிறார். அந்த நொடியில் அவரைக் கீழே தள்ளுவது எளிது. பறவைக் கால்நகம், தரையில் நிற்கும்போது உடம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. குதித்தாலோ பறந்தாலோதான் அது ஆயுதமாகும். வாலுக்கு இடம் வேண்டும். குறுகிய சுரங்கப் பாதையில் அதை வீச முடியாது. இப்படி எழுதும்போது ஒவ்வொரு உறுப்புக்கும் தனக்கென்று ஒரு நேரமும் ஒரு இடமும் கிடைக்கிறது. ஆட்டக்காரர் அந்த இடத்தைத் தேடி நகரத் தொடங்குகிறார். சண்டை அழகாகிறது.

மூன்றாவது, விலை. கர்ப்ஸ் என்ற இன்னொரு ஆட்டத்தின், 2004-இல் வந்த நாலாம் பதிப்பு இதைப் பச்சையாகவே புள்ளிகளில் சொல்கிறது: கூர்நகம் 5, பெருநகம் 8, நீண்ட பெருநகம் 11, கூர்பல் 1, கோரைப்பல் 2. பாத்ஃபைண்டரில் பல் பெரிதான அரை-ஓர்க்குக்கு நாலுமுகப் பகடைக் கடி கிடைக்கிறது. அதற்குப் பதிலாக, விழ வேண்டிய நேரத்தில் ஒரு கணம் விழாமல் நிற்கும் அந்த இனத்தின் மூர்க்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் விலையை உடம்பிலிருந்தே எடுக்கிறேன். உள்ளிழுக்க முடியாத நீண்ட நகம் உள்ளவர் பூட்டைத் திறக்கும் மெல்லிய கம்பியைப் பிடிக்கத் தடுமாறுவார். நீண்ட தாடைக்கு ஊரில் விற்கும் தலைக்கவசம் பொருந்தாது. இந்த விலையைத் தண்டனையாக எந்த ஆட்டக்காரரும் எடுத்துக்கொண்டதில்லை. தங்கள் உடம்பு உண்மையாகிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நாலாவது, வளர்ச்சி. வாள்காரர் பாதாளத்தில் ஒரு மந்திரவாளைக் கண்டெடுப்பார். நகக்காரருக்கு யார் நகத்தைக் கண்டெடுத்துக் கொடுப்பார்கள்? விதிப் புத்தகங்கள் தாயத்தும் கைப்பட்டையும் தருகின்றன. அவற்றை ஏற்றுக்கொண்டாலும், இயற்கை தரும் வழிகள் எனக்கு இன்னும் பிடித்தவை. முதலைக்கு விழுந்த பல் மறுபடி முளைக்கும். மானின் கிளைக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக வரும். பூனை மரத்தில் நகத்தைப் பிறாண்டும்போது பழைய உறை கழன்று கூரான புதுநகம் வெளிப்படும். லெவல் ஏறுவதை இந்த மாற்றங்களோடு கட்டிவைத்தால் அது காகிதத்தில் ஏறும் எண்ணாக மட்டும் இருக்காது.

*

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. வாளைக் கழற்றி வைக்கலாம். நகத்தைக் கழற்றி வைக்க முடியாது.

இரணியன் கதை நமக்குத் தெரியும். மனிதனாலும் விலங்காலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது என்று வரம் வாங்கியவன். சிங்க முகமும் மனித உடம்பும் கொண்ட நரசிம்மம் அந்தியில், வாசற்படியில், நகத்தால் அவனைக் கிழித்தது. வரத்தின் எந்த வரியும் மீறப்படவில்லை. விதி எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கதைமேல் பெரிய மரியாதை. நகம் ஆயுதமா இல்லையா என்ற கேள்வியின்மேல் ஒரு அசுரனின் உயிரையே நிறுத்திய கதை அது. எங்கள் ஆட்டத்திலும் இந்தக் கேள்வி உண்டு. மூன்றாம் பதிப்பிலும் பாத்ஃபைண்டரிலும் ஆயுதத்தை மந்திரித்துக் கூர்மையாக்கும் சாதாரண மந்திரம் நகத்தில் பலிக்காது. அதற்கென்று தனி மந்திரம் இருக்கிறது. ஆயுதத்தைத் தட்டிவிடும் உத்தி நகத்திடம் செல்லாது.

இதன் பலன் சண்டைக்கு வெளியேதான் முழுதாகத் தெரியும். சிறையில் அடைத்து எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் பூனைப் பெண்ணிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அரசவை வாசலில் காவலர்கள் எல்லோருடைய வாளையும் வாங்கி வைக்கிறார்கள். அவளை என்ன செய்வார்கள்?

இப்படி ஒரு வாசலை என் மேஜையில் வைத்தேன். பூனைப் பெண்ணை ஆடியவர் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை. காவலர் தலைவனாக நான் சொன்னேன்: "உன் கைகளைக் கட்டினால்தான் உள்ளே விடுவேன்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அண்ணா, மத்தவங்க எல்லாரும் ஆயுதத்தைக் குடுத்துட்டுச் சும்மா உள்ள போறாங்க. நான் மட்டும் கைதி மாதிரிப் போகணுமா?"

"அவன் அப்படித்தான் சொல்றான். நீ என்ன செய்யற?"

"கையைக் குடுக்கறேன். ஆனா கயிறு வேண்டாம்னு சொல்றேன். ராஜா முன்னாடி வரைக்கும் அவனே என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு வரட்டும். அவனுக்குத் தைரியம் இருந்தா."

மேஜையே ஆர்ப்பரித்தது. அந்தக் காட்சியில் நகம் யாரையும் கீறவில்லை, ஒரு புள்ளி டேமேஜ்கூட விழவில்லை. ஆனால் அன்று அவர் ஆடியதுபோல வாள் வைத்திருக்கும் எந்தக் கேரக்டராலும் ஆடியிருக்க முடியாது.

நகம் கேட்கிறவர் கூடுதல் பகடை கேட்பதாக நினைத்துக் கணக்கு மட்டும் பார்க்கிற கேம் மாஸ்டர்கள் உண்டு. கேட்பவர் வேறொரு உடம்பில் கொஞ்ச நேரம் வாழ்ந்து பார்க்க வருகிறார். அந்த உடம்பு எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்கத் தடுமாறும், யாரைப் பயமுறுத்தும், யார் அதை நம்பித் தொடுவார்கள் என்று அறிய வருகிறார். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வையுங்கள். அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் செய்யும் நியாயம். வாளால் முடியாத ஒரு வேலையையாவது அந்த உறுப்புக்குக் கொடுங்கள். அது கேட்டவருக்குச் செய்யும் நியாயம். பிறகு அந்த உறுப்பைக் கழற்ற முடியாது என்பதை ஊரும் உலகமும் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும்படி கதையை நடத்துங்கள். புதிதாக ஆட்டம் நடத்த வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லித் தருவது இந்த மூன்றும்தான். நாலுமுகமா ஆறுமுகமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.